ஜூனில் வீட்டில் இருந்துவிடுகிறவர்களுக்கு: நியூ ஜெர்சித் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நியூ ஜெர்சித் தமிழ் வாக்காளர்களுக்கு,

வணக்கம். நம் ஜனநாயகக் கட்சி செனட்டர் பாப் மெனெண்டஸ் வீட்டில் தங்கக் கட்டிகள் சிக்கிய செய்தி 2023 செப்டம்பரில் வந்தபோது நம் வாட்ஸாப் குழுக்களில் ஓடிய கேலிகள் ஞாபகம் இருக்கிறதா? அட்சய திருதியைக்கு வாங்கி வைத்திருப்பார் என்று ஒருவர், எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் எந்தக் கடையில் வாங்கினார் என்று இன்னொருவர். நானும் சிரித்தேன். அப்புறம் 2024 ஜூனில், அந்த நாற்காலிக்கு நவம்பரில் கட்சி சார்பில் யார் நிற்பது என்று வாக்காளர்களே முடிவு செய்யும் ‘பிரைமரி’ தேர்தல் நாளில், அதே குழுக்களில் இருப்பவர்களிடம் வாக்களித்தீர்களா என்று கேட்டேன். பெரும்பாலோர் சொன்ன பதில்: “ஜூன்லயா? தேர்தல் நவம்பர்ல தானே?”

அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

வாக்குரிமை உள்ளவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் இதைப் படிக்கலாம். ஆனால் யார் வற்புறுத்தினாலும் வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள், பின்னால் பெரிய வம்பு. சிட்டிசன் ஆகி, நவம்பரில் மட்டும் சாவடிக்குப் போய், ‘ஐ வோட்டட்’ ஸ்டிக்கரோடு படம் போடுகிறவர்களோடுதான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் எஃப்.பி.ஐ. எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உள்ள மெனெண்டஸ் வீட்டைச் சோதனை போட்டது. உறைகளிலும் அலமாரிகளிலும் தொங்கிய கோட்டுப் பைகளிலுமாக 4,80,000 டாலருக்கு மேல் ரொக்கம். சில உறைகள் இருந்த கோட்டில் அவர் பெயரே தைக்கப்பட்டிருந்தது. தங்கக் கட்டிகள் தனி. ஒரு கிலோ தங்கம் என்ன விலை என்று அவர் இணையத்தில் தேடியதையும் குற்றப்பத்திரிகையில் எழுதிவைத்தார்கள். எகிப்துக்குப் போகும் அமெரிக்க மாட்டிறைச்சிக்கு ஹலால் சான்று கொடுக்கும் ஏகபோக உரிமை நியூ ஜெர்சிக்காரர் ஒருவரின் சிறு நிறுவனத்துக்குப் போனது. அந்த ஏற்பாட்டைக் காக்க செனட்டர் உதவினார் என்பது வழக்கின் ஒரு பகுதி. குற்றப்பத்திரிகை வந்தபோது அவர் செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர். கியூபாவில் சொத்தெல்லாம் பறிபோன குடும்பத்தில் பிறந்ததால் வீட்டிலேயே பணம் வைத்துப் பழகிவிட்டேன் என்று விளக்கம் சொன்னார். அவருடைய பெற்றோர் கியூபாவை விட்டு வந்தது காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு. 2024 ஜூலை 16 அன்று 16 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் 11 ஆண்டு சிறைத்தண்டனை, ஜூனில் சிறைக்குப் போனார். மனைவி நடீனுக்கு நான்கரை ஆண்டு.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். இதற்கு 41 ஆண்டு முந்தைய கதை பலருக்குத் தெரியாது.

யூனியன் சிட்டியில் வில்லியம் மஸ்டோ என்று ஒரு மேயர் இருந்தார். அவரே மாநில செனட்டரும்கூட. ஒரே ஆள் இரண்டு பதவியில் இருப்பது அன்று இந்த மாநிலத்தில் சகஜம். அவர் கைபிடித்து வளர்த்த பையன்தான் மெனெண்டஸ். இருபது வயதில் பள்ளி வாரிய உறுப்பினர். பள்ளிக் கட்டுமான ஒப்பந்தங்களில் மஸ்டோ கூட்டம் கமிஷன் அடித்ததாக வழக்கு வந்தபோது, நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார் இந்தச் சீடர். குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது என்று பின்னாளில் மேடைதோறும் சொல்வார். 1982 மே 10 அன்று மஸ்டோவுக்கு ஏழு ஆண்டு தண்டனை. மறுநாள் மே 11, யூனியன் சிட்டியில் தேர்தல். எதிர்த்து நின்றவர் மெனெண்டஸ். வென்றவர் மஸ்டோ.

முந்தின நாள் தண்டனை வாங்கியவரை மறுநாள் ஊர் தேர்ந்தெடுத்தது. வேலை வாங்கிக் கொடுத்தவர், குப்பை லாரி வராவிட்டால் ஒரு போனில் வரவழைத்தவர், அவரை எப்படி விட்டுக்கொடுப்பது என்ற நியாயம்தான். அந்த நியாயம் நமக்குப் புதிதில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு. 1986-ல் மேயரான மெனெண்டஸ், குருநாதரின் ஆட்களைத்தான் விரட்டினார். அவர் ஓட்டிய வண்டியை நிறுத்தவில்லை. மாநிலச் சட்டமன்றம், மாநில செனட், 1993 முதல் வாஷிங்டன். 2006-ல் ஜான் கோர்சைன் கவர்னராகிக் காலி செய்த செனட் இடத்தில் நியமனம். யூனியன் சிட்டி இருக்கும் ஹட்சன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுக்க அவர் சொல்தான்.

2015-ல் முதல் ஊழல் வழக்கு, ஃப்ளோரிடாவின் கண் மருத்துவர் ஒருவரோடு சேர்த்து. 2017-ல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் விசாரணை முறிந்தது. பிறகு வழக்கு கைவிடப்பட்டது. செனட்டின் நெறிமுறைக் குழு மட்டும் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த சில வாரங்களில் பிரைமரி. யாருக்கும் பெயர் தெரியாத, பிரசாரம் என்று பெரிதாக எதுவும் செய்யாத ஒரு போட்டியாளருக்கு 38 சதவீதம் போல வாக்கு விழுந்தது. மக்கள் கொடுத்த எச்சரிக்கை அது. கட்சித் தலைவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2021 கடைசியில் ஹட்சன் பகுதி எம்.பி. ஆல்பியோ சைரஸ் ஓய்வு பெறப் போவதாகச் சொன்னார். மெனெண்டஸ் வாஷிங்டனுக்கு முதலில் போனது அந்தப் பகுதியிலிருந்துதான். சில நாட்களிலேயே மெனெண்டஸின் மகன் ராப் பெயர் முடிவாகிவிட்டது. கவர்னர் ஃபில் மர்ஃபியும் ஆதரவு தெரிவித்துவிட்டார். ராப் அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது 2023-க்கு வருவோம். அப்பா மீது குற்றப்பத்திரிகை வந்த மறுநாளே ஆண்டி கிம் போட்டியை அறிவித்தார். கொரியாவிலிருந்து வந்தவர்களின் மகன், தெற்கு ஜெர்சிப் பக்கத்து எம்.பி. 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றக் கட்டடத்தில் முழங்காலிட்டுக் குப்பை பொறுக்கிய படத்தில் இருப்பவர். சரி, ஒரு குடும்பம் ஒதுங்குகிறது, புது ஆள் வருகிறார் என்று நினைத்தோம். நவம்பர் நடுவில் இன்னொரு குடும்பம் வந்தது: கவர்னரின் மனைவி டாமி மர்ஃபி.

டாமி மர்ஃபி திறமை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள் உயிரிழப்பைக் குறைக்க அவர் செய்த வேலை உண்மையானது. நியூ ஜெர்சி இன்றுவரை ஒரு பெண்ணைக்கூட செனட்டுக்கு அனுப்பியதில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் எந்தப் பதவிக்கும் தேர்தலில் நின்றதில்லை. சுமார் 2014 வரை எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியில் பதிவு வைத்திருந்தவர். அப்படிப்பட்டவருக்கு பெர்கன், ஹட்சன், எஸெக்ஸ், மிடில்செக்ஸ், கேம்டன் என்று மக்கள்தொகை கொழுத்த கவுண்டிகளின் கட்சித் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆதரவு அறிவித்தார்கள். ஒரு வாக்குகூட விழவில்லை, ஒரு விவாதம்கூட நடக்கவில்லை. இந்தத் தலைவர்களில் சிலர் மாநில அரசிடம் வேலை ஆக வேண்டிய லாபியிஸ்டுகள், சிலர் மாநில ஆணையங்களில் சம்பளப் பதவியில் இருப்பவர்கள். கவர்னரின் பேனாவுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கவர்னரின் மனைவியை வேண்டாம் என்பார்களா?

ஏன் இந்த ஆதரவுக்கு இத்தனை மதிப்பு? இதைத்தான் நாம் யாரும் பார்க்கவில்லை. வருடா வருடம் தபாலில் நம் வீட்டுக்கே வந்தும் பார்க்கவில்லை.

தேர்தலுக்கு முன் சாம்பிள் பேலட், அதாவது மாதிரி வாக்குச்சீட்டு, ஒன்று வரும் அல்லவா? மளிகைக்கடை விளம்பரத்தாளோடு சேர்த்து நாம் குப்பைக்கு அனுப்புவது. 2024-க்கு முந்தைய பிரைமரி ஒன்றின் தாளை எடுத்து விரித்துப் பாருங்கள். மற்ற மாநிலங்களில் பதவிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் அந்தப் பதவிக்குப் போட்டியிடுபவர்கள். நம் மாநிலத்தில் அன்று அப்படி இல்லை. ஒரு பத்தி முழுக்கக் கவுண்டிக் கட்சி அமைப்பின் வாசகத்தோடு, மேலே ஜனாதிபதி வேட்பாளர், அடுத்து செனட்டர், எம்.பி., கவுண்டி ஆணையர், கடைசியில் நம் டவுன் கவுன்சில் வரை தொடர்ச்சியாகப் பெயர்கள். பார்க்கவே முழுமையாக, அதிகாரபூர்வமாக இருக்கும். தலைவரின் ஆசி கிடைக்காதவர்? தள்ளி ஒரு பத்தியில், மேலும் கீழும் வெற்றுக்கட்டம், நடுவில் தனியாக ஒரு பெயர். சில சமயம் அவர் கொள்கைக்கு நேரெதிரான வேறு ஒருவரோடு ஒரே பத்தியில் ஒட்டிவைத்திருப்பார்கள். இதற்கு உள்ளூர் அரசியல்வாதிகள் வைத்த பெயர் ‘பேலட் சைபீரியா’. முதல் பத்திக்குப் பெயர் ‘கவுண்டி லைன்’.

21 கவுண்டிகளில் 19-ல் இப்படித்தான் இருந்தது. சஸெக்ஸ், சேலம் இரண்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இந்த ஏற்பாடு கிடையாது. லைன் கிடைத்தால் எவ்வளவு கூடுகிறது, கிடைக்காவிட்டால் எவ்வளவு குறைகிறது என்பதை ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜூலியா சாஸ் ரூபின் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதினார். ஒரே ஆள், ஒரே தேர்தல், லைன் உள்ள கவுண்டியில் ஒரு முடிவு, இல்லாத கவுண்டியில் வேறு முடிவு என்று வந்தது. நம்மில் பலரும் ஜனாதிபதி பெயர் இருக்கிற பத்தியில் மேலிருந்து கீழே டிக் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான். அந்தப் பழக்கத்தின் மீதுதான் குடும்பங்கள் வீடு கட்டின.

ஆக, ஒரு கவுண்டித் தலைவர், சில போன் அழைப்புகள், வேலை முடிந்தது. ஜனநாயகக் கட்சியை மட்டும் சொல்லவில்லை. குடியரசுக் கட்சியின் கீன் குடும்பத்தைப் பாருங்கள்: கொள்ளுத்தாத்தா அமெரிக்க செனட்டர், தாத்தா எம்.பி., அப்பா கவர்னர், மகன் பல ஆண்டு மாநில செனட்டர், இப்போது எம்.பி. தெற்கே ஜார்ஜ் நார்க்ராஸ் எந்தப் பெரிய பதவிக்கும் நிற்காமலே ஒரு பகுதியை ஆண்டார். தம்பி டொனால்டு மாநில செனட் வழியாக வாஷிங்டன் போனார். (ஜார்ஜ் மீது 2024-ல் போட்ட வழக்கை 2025 பிப்ரவரியில் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார்.) நியூவார்க்கில் டொனால்டு பேய்ன் 2012-ல் இறந்ததும் அதே பெயர் கொண்ட மகன் வந்தார். அந்த மகன் 2024 ஏப்ரலில் காலமானார், நல்ல மனிதர். பெயரை எடுக்கும் கெடு முடிந்திருந்தது. ஜூன் பிரைமரியில் எதிர்த்து யாரும் நிற்காததால் அவரே வென்றார். ஒரு தொகுதியில் உயிரோடு ஒருவர்கூட எதிர்த்து நிற்கவில்லை என்பதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

“டாக்டர் பிள்ளை டாக்டர் ஆகலாம், அரசியல்வாதி பிள்ளை ஆகக் கூடாதா?” என்று கேட்பீர்கள். ஆகலாம். ஆனால் டாக்டர் பிள்ளைக்கு வேறு கேள்வித்தாள் கொடுப்பதில்லையே. லைன் என்பது வேறு கேள்வித்தாள்தான்.

கிம் இரண்டு வேலை செய்தார். கட்சிக்காரர்கள் ரகசியமாக வாக்களிக்கும் மாநாடு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் நேரில் போய் ஆதரவு கேட்டார். முதல் மாநாடு 2024 பிப்ரவரியில் மான்மத்தில், மர்ஃபி தம்பதியின் சொந்தக் கவுண்டி. அங்கே கிம் வென்றார், அதுவும் தெளிவான வித்தியாசத்தில். தலைவர் சொல்வதும் தொண்டர் நினைப்பதும் ஒன்றில்லை என்று அன்றுதான் வெளியில் தெரிந்தது. பெர்கனில் மர்ஃபி வென்றார், மறைக்கவில்லை. ஆனால் மான்மத்துக்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. இரண்டாவதாக, பிப்ரவரி கடைசியில் இன்னும் இரண்டு வேட்பாளர்களோடு சேர்ந்து லைனை எதிர்த்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மாநில அட்டர்னி ஜெனரல் மாத்யூ பிளாட்கின், கவர்னர் மர்ஃபியே நியமித்தவர், லைனுக்கு இடம் தரும் சட்டம் அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது, இதற்காக வாதாட மாட்டேன் என்று நீதிபதிக்கு எழுதிவிட்டார். அடுத்த ஞாயிறு, மார்ச் 24 அன்று, டாமி மர்ஃபி விலகினார். மார்ச் 29, புனித வெள்ளி, நீதிபதி சாஹித் குரைஷி தீர்ப்பு: ஜனநாயகக் கட்சி பிரைமரியில் லைன் கூடாது, பதவிவாரியாகக் கட்டம் போடுங்கள். நேரமில்லை, அச்சடிக்க முடியாது என்று கவுண்டி கிளார்க்குகள் சொன்னது எடுபடவில்லை. மேல்முறையீட்டிலும் நிற்கவில்லை.

அந்த ஜூனில் கிம் முக்கால் பங்கு வாக்கு வாங்கினார். நவம்பரில் வென்று முதல் கொரிய அமெரிக்க செனட்டர் ஆனார்.

அதே ஜூனில் ஹட்சனில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை ரொம்ப இனிப்பாகிவிடும். அப்பா நியூயார்க் நீதிமன்றத்தில் விசாரணையில் உட்கார்ந்திருந்த நேரம். லைனும் இல்லை. எதிரே ஹோபோக்கன் மேயர் ரவி பல்லா, சீக்கியர், பண பலமும் உள்ளவர். ராப் மெனெண்டஸ் வென்றார். மஸ்டோ காலத்து யூனியன் சிட்டி இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பல்லா அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றப் பிரைமரியில் கட்சி அமைப்பின் ஆட்களைத் தோற்கடித்தார் என்பதும் அதே ஹட்சனில் நடந்ததுதான்.

குடியரசுக் கட்சிப் பக்கம் அந்த ஆண்டு லைன் அப்படியே இருந்தது. ட்ரம்ப்பே ஆதரித்த செனட் வேட்பாளர், பல கவுண்டிகளின் லைனைக் கையில் வைத்திருந்த கர்டிஸ் பாஷாவிடம் தோற்றார். அந்தக் கட்சியில் ட்ரம்ப் சொல்லை மீறி ஒன்று நடப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். 2025 மார்ச்சில் இரு கட்சிக்கும் கட்ட முறையைக் கொண்டுவரும் சட்டத்தில் கவர்னர் மர்ஃபி கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தைப் போட்டபோது அவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!

இனி நம் விஷயம்.

லைன் போய்விட்டது, தலைவர்கள் போகவில்லை. ஆதரவு அறிவிப்பார்கள், பணம் திரட்டுவார்கள், வீட்டுக்கு அட்டை அனுப்புவார்கள். இத்தனை நாள் அவர்களுக்குத் தாளின் அமைப்பு உதவியது. இனி நாம் வராமல் இருப்பதுதான் உதவப் போகிறது. கிம் ஜெயித்த அந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில் விழுந்த மொத்த வாக்கு சுமார் ஐந்து லட்சம். நவம்பரில் அவர் ஒருவர் மட்டும் வாங்கியது 20 லட்சத்துக்கும் மேல். நம் எடிசன், ஐஸலின் பக்கமெல்லாம் நவம்பர் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். உண்மையான போட்டி ஜூனில் முடிந்துவிடுகிறது. அன்று சாவடிக்குப் போனால் வரிசையே இருக்காது. பணியாளர்கள் காபி குடித்துக்கொண்டு நம்மைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள்.

தமிழ்நாட்டு வாரிசு அரசியல் பற்றி நம் குழுக்களில் இரவு ஒரு மணி வரை சண்டை போடுகிறோம். நம்மில் பெரும்பாலோருக்கு அங்கே ஓட்டே கிடையாது. ஓட்டு இருக்கிற ஊரில், நாட்டிலேயே அதிகமான சொத்து வரியைக் கட்டிக்கொண்டு, அந்த வரியில் ஒரு பங்கை நிர்ணயிக்கிற கவுன்சிலரின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கிறோம். அவரும் அதே பத்தியின் அடியில் இருந்தவர்தான்.

பயப்படுகிறவர்களுக்கு: எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் பிரைமரி அன்று நேரில் போய், அங்கேயே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். அதன் பிறகு அந்தக் கட்சி வாக்காளராகப் பதிவாகும். அதனால் நவம்பரில் யாருக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, சந்தா கிடையாது, ஆபீஸில் யாருக்கும் தகவல் போகாது. ஏற்கெனவே ஒரு கட்சியில் இருந்து மாற நினைப்பவர்கள் மட்டும் 55 நாள் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகப் பதிகிறவர்களுக்குக் கெடு 21 நாள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். மான்மத்தில் கிம்மைக் காப்பாற்றியவர்கள் யார்? கவுண்டி கமிட்டி உறுப்பினர்கள். ஒவ்வொரு சிறு வாக்குச்சாவடிப் பகுதியிலிருந்தும் பிரைமரியில் தேர்ந்தெடுக்கப்படும் சாதாரண ஆட்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர், பக்கத்துத் தெரு நர்ஸ். அவர்கள்தான் கவுண்டித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல ஊர்களில் இந்த இடங்களுக்கு மனுப் போட ஆளில்லாமல் காலியாகக் கிடக்கும். இல்லையென்றால் தலைவரின் மச்சானோ டவுன் ஊழியரோ போட்டியின்றி உட்கார்ந்திருப்பார். நிற்பதற்குச் சில கையொப்பங்கள் போதும். தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பந்தி பரிமாறும் வேலையைவிடச் சுலபம், நான் இரண்டையும் அறிந்தே சொல்கிறேன்.

என் பகுதியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. நான் மனு வாங்கி வைத்திருக்கிறேன். அதே பகுதியில் இருக்கும் வாக்காளர்கள் மட்டும்தான் கையொப்பமிட முடியும் என்பதால் உங்களில் மிகச் சிலரால்தான் எனக்கு உதவ முடியும். அவர்கள் வீட்டுக் கதவை வரும் வாரங்களில் தட்டுவேன், காபி வேண்டாம், பேனா இருந்தால் போதும். மற்றவர்கள் உங்கள் டவுன் கிளார்க் அலுவலகத்தில் உங்கள் பகுதியின் இடம் காலியா என்று கேட்டுப் பாருங்கள். மனுத் தாளை அங்கேயே கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
எடிசனிலிருந்து ஒரு வாக்காளர்